இ.பி. இல்லாத மலைத்தோட்ட வீடு: ஏற்கெனவே இருக்கும் சோலாரை நம்பி வாங்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல் தாலுகாவில் தாண்டிக்குடிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டத்துக்குள் ஒரு சின்ன ஓட்டு வீடு விலைக்கு வந்திருக்கிறது. இ.பி. இணைப்பு கிடையாது. ஐந்து வருடம் முன்பு போட்ட சோலார் இருக்கிறது: 335 வாட் பேனல் ஆறு, 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) ட்யூபுலர் பேட்டரி நான்கு, 3 கேவிஏ இன்வெர்ட்டர் ஒன்று. ‘எல்லாம் நன்றாக ஓடுகிறது’ என்று விற்பவர் சொல்கிறார். நிலத்துக்கும் வீட்டுக்கும் சொன்ன விலை போக, சோலாருக்கு மட்டும் தனியாக மூன்று லட்சம் கேட்கிறார். நீங்கள் மனைவி, குழந்தையோடு அங்கேயே குடியேறி, லேப்டாப்பில் உங்கள் வேலையைத் தொடரப் போகிறீர்கள். சிஸ்டம் போதுமா, விலை நியாயமா, அரசு மானியம் கிடைக்குமா என்று மூன்று கேள்வி. இந்த மூன்றுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. அவருடைய வாழ்க்கைக்கு ஓடிய சோலார், உங்கள் வாழ்க்கைக்கு, அதுவும் நவம்பர் மாதத்தில், ஓடுமா? அதற்குத்தான் முதலில் பதில் தேட வேண்டும்.

திண்டுக்கல், தேனி மலைகளில் கரண்ட் எட்டாத தோட்டங்களுக்கு சோலார் போட்டுக் கொடுப்பதும், மற்றவர்கள் போட்டதைப் பழுது பார்ப்பதும் என் தொழில். அதனால் மின்சாரப் பக்கம் தைரியமாகப் பேசுவேன். பட்டா, வில்லங்கம் பற்றிக் கடைசியில் சொல்லப்போவதை மட்டும் ஒரு வக்கீலிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

‘நன்றாக ஓடுகிறது’ என்று அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. மலைத்தோட்ட வீடுகளில் பாதிக்கு மேல், சொந்தக்காரர் சனி ஞாயிறு வந்து தங்கிப் போகும் வீடுகள். ஐந்து நாள் வெயிலில் பேட்டரி நிறைந்து காத்திருக்கும். இரண்டு இரவு நாலு பல்பு எரியும், செல்போன் சார்ஜ் ஆகும். அந்த வாழ்க்கைக்கு எந்த சிஸ்டமும் நன்றாகத்தான் ஓடும். ஆகவே அவரிடம் இப்படிக் கேளுங்கள்: ஒரு மாதத்தில் எத்தனை இரவு இங்கே தங்குகிறீர்கள்? ஃபிரிட்ஜ் வருடம் முழுக்க ஓடுகிறதா, ஊருக்குப் போகும்போது அணைத்துவிடுவீர்களா? போன ஐப்பசி கார்த்திகையில் ஜெனரேட்டருக்கு எவ்வளவு பெட்ரோல் போட்டீர்கள்? கடைசிக் கேள்வி முக்கியம். ஜெனரேட்டரே இல்லை என்றால் அவர் மழைக்காலத்தில் அங்கே தங்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இன்வெர்ட்டரில் வைஃபை வசதி இருந்து ஆப்பில் பதிவாகியிருந்தால், போன நவம்பரின் தினசரி உற்பத்தியைக் காட்டச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லைவிட அந்தக் கணக்கு நூறு மடங்கு மேல்.

இப்போது உங்கள் செலவைப் பார்ப்போம். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 9 வாட் எல்இடி ஆறு, ஐந்து மணி நேரம் எரிந்தால் கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். லேப்டாப் 50 வாட் வீதம் ஆறு மணி நேரம், 0.3 யூனிட். வைஃபை ரவுட்டர் இரவு பகலாக ஓடினால் கால் யூனிட். டிவி, மிக்ஸி இரண்டும் சேர்ந்து இன்னொரு கால் யூனிட். சின்ன ஒற்றைக்கதவு ஃபிரிட்ஜுக்கு முக்கால் யூனிட் வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை ஏறத்தாழ 1.8 யூனிட். இதோடு எல்லோரும் கணக்கில் விடுகிற ஒன்று இருக்கிறது: இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே தின்னும் கரண்ட். இந்த அளவு இன்வெர்ட்டர் 30, 40 வாட் வரை எடுக்கும். 40 வாட் என்றால் ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட ஒரு யூனிட். ஃபிரிட்ஜைவிட அதிகம்! ஆக மொத்தம் தினமும் 2.8 யூனிட், மூன்று என்றே வையுங்கள். தண்ணீர் மோட்டார் இதில் சேரவில்லை.

வரவு என்ன? ஆறு பேனலும் சேர்ந்து 2 கிலோவாட். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு நாலு யூனிட் என்பது பொதுக்கணக்கு. பேட்டரிக்குள் போய்த் திரும்பி வரும் நஷ்டம் கழித்து, நல்ல நாளில் ஆறு, ஆறரை யூனிட் உங்கள் கைக்கு வரும். தேவையைப்போல இரண்டு மடங்கு. மார்ச் மாதம் போய்ப் பார்ப்பவர் எவரும் ‘தாராளம்’ என்றுதான் சொல்வார். ஆனால் தாண்டிக்குடி இருக்கும் கீழ்ப்பழனி மலைக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை, மேகம் மலையில் வந்து உட்கார்ந்தால் மூன்று நாள், நாலு நாள் சூரியனையே பார்க்க முடியாது. அப்படிக் கனத்த மேகத்தில் பேனல் சாதாரண உற்பத்தியில் ஆறில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு கொடுத்தால் அதிகம். அதாவது ஒரு யூனிட், ஒன்றரை யூனிட். செலவு மூன்று. மீதி முழுக்க பேட்டரியிலிருந்து வர வேண்டும்.

இங்கேதான் சிக்கல். 12 வோல்ட், 150 ஏ.ஹெச். பேட்டரி நான்கு என்றால் காகிதத்தில் 7.2 யூனிட். ட்யூபுலர் லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் வேகமாகக் குறையும். எனவே புதிதாக இருந்தபோதே பயன்பாட்டுக்கு 3.6 யூனிட்தான். ஐந்து வருடம் ஆன பிறகு பழைய கொள்ளளவில் அறுபது சதவீதம் இருந்தாலே அது நன்றாகப் பராமரித்த பேட்டரி. அப்போது கிடைப்பது இரண்டு யூனிட்டை ஒட்டி. மழைநாள் ஒன்று தாங்கும், இரண்டாம் நாள் சாயங்காலம் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிக்கும். ஆகவே சிஸ்டம் போதுமா என்ற முதல் கேள்விக்கு என் பதில்: ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை பெரும்பாலான நாள் போதும், மழைக்காலத்தில் இன்றைய நிலையில் நிச்சயம் போதாது.

பேட்டரியின் உண்மை நிலையைப் பார்க்க ஒரே நம்பகமான வழி, ஒரு இரவு அங்கே தங்கி லோடு கொடுத்து, அதாவது கரண்ட் எடுக்கும் பொருள்களை ஓட்டிப் பார்ப்பது. சாயங்காலம் பேட்டரி நிறைந்த பிறகு பேனல் பக்க பிரேக்கரை அணைத்துவிடுங்கள். ஏழு மணியிலிருந்து காலை ஐந்து மணி வரை 200 வாட்டை ஒட்டிய லோடு ஓட வேண்டும். 100 வாட் குண்டு பல்பு இரண்டு கிடைத்தால் கணக்குக்கு வசதி. பிறகு லோடையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, ஒரு மணி நேரமாவது விட்டு ஒவ்வொரு பேட்டரியாக மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். நிறைந்து ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.7 வோல்ட் காட்டும், பாதி காலி என்றால் 12.2. இந்தச் சோதனையில் 12.2-க்குக் கீழே போனால் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்காவது போய்விட்டது என்று அர்த்தம். நடுராத்திரியிலேயே இன்வெர்ட்டர் நின்றுவிட்டால் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை. நான்கில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட நன்றாகக் குறைந்து காட்டினால் அதற்குள் ஒரு செல் செத்திருக்கலாம். ஹைட்ரோமீட்டர் வைத்து ஒவ்வொரு செல்லாக ஆசிட் அடர்த்தி பார்த்தால் அது தெரிந்துவிடும். ஆசிட் சமாச்சாரம், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். ‘அந்த ஒன்றை மட்டும் மாற்றித் தருகிறேன்’ என்று அவர் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். நோஞ்சான் மாட்டோடு நல்ல மாட்டை ஏரில் பூட்டிய கதைதான், புது பேட்டரியும் சீக்கிரமே பழசோடு சேர்ந்து படுத்துவிடும்.

என் வழக்கம், இந்த வயதுள்ள லெட் ஆசிட் பேட்டரிக்கு மதிப்பே போடாமல் பேசுவது. எடைக்கு எடுக்கும் பழைய பேட்டரிக் கடை விலை மட்டும் உண்டு. சோதனையில் நன்றாக வந்தால் ஒரு வருடம் கூடுதலாக ஓட்டிக்கொள்ளலாம், அது உங்களுக்கு லாபம்.

பேனல் கதை நேர்மாறு. பயம் குறைவாக இருக்க வேண்டிய பொருள் அதுதான். நல்ல பேனல் வருடத்துக்கு அரை சதவீதம், மிஞ்சினால் ஒரு சதவீதத்துக்குள்தான் தேயும். ஐந்து வருடத்தில் பெரிதாக ஒன்றும் போயிருக்காது. வெயில் நேரத்தில் ஒவ்வொரு வரிசையின் (ஒன்றோடொன்று தொடராக இணைத்த பேனல்கள்) ஆம்பியரையும் கிளாம்ப் மீட்டரில் பார்த்து ஒன்றோடொன்று ஒப்பிடச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் ஒரு வரிசை மட்டும் குறைவாகக் காட்டினால் காரணம் தேட வேண்டும். பின்பக்க வெள்ளைத் தாள் வெடித்திருக்கிறதா, ஜங்ஷன் பாக்ஸ் கருகியிருக்கிறதா, கண்ணாடிக்குக் கீழே பழுப்புப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். மலையில் கீழ் ஓரச் சட்டத்தில் பாசி பிடிக்கும். அது தேய்த்துக் கழுவினால் போய்விடும். குரங்கு குதித்து உள்ளே விழும் மயிரிழை விரிசல் மட்டும் வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதற்குத் தனிக் கருவி வேண்டும், ஆறு பேனலுக்காக யாரும் அதை மலைக்குத் தூக்கி வரமாட்டார்கள். அந்தச் சந்தேகத்தோடுதான் வாங்க வேண்டியிருக்கும். இன்னொன்று, வெயில் இருக்கும்போது பேனல் கனெக்டரை நீங்களாகப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். பேனலில் வருவது டிசி, ஒரே திசையில் ஓடும் கரண்ட்; அதன் தீப்பொறி அவ்வளவு சுலபமாக அணையாது. எலக்ட்ரீஷியன் செய்யட்டும்.

பேனலைவிட நான் கவலைப்படுவது அது நிற்கும் இடத்தைப் பற்றி. பேனலை மாற்றலாம், பேட்டரியை மாற்றலாம், மலைச்சரிவு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதை மாற்ற முடியாது. உங்களுடையது காப்பித் தோட்டம். நிழலுக்கென்றே சில்வர் ஓக் வைத்திருப்பார்கள், ஐந்து வருடத்தில் அது நன்றாக உயர்ந்திருக்கும். சோலார் போட்டபோது இல்லாத நிழல் இப்போது இருக்கலாம். அந்த அட்சரேகையில் டிசம்பர் மாதம் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து 56 பாகை உயரத்தில்தான் நிற்கும். ஜூனில் தலைக்கு மேல் தாண்டி வடக்கே போய்விடும். நீங்கள் ஏப்ரல், மே மாதம் போய்ப் பார்த்தால் தெற்குப் பக்க மரத்தின் நிழல் பேனலில் விழாது. அதே மரம், வெயில் அரிதாகக் கிடைக்கும் டிசம்பரில் காலையும் மாலையும் பேனலை மூடும். ஒரு பேனலில் கொஞ்சம் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுக்க அடிவாங்கும். சூரியப் பாதை காட்டும் ஆப்கள் இருக்கின்றன. பேனலுக்குப் பக்கத்தில் நின்று டிசம்பர் தேதி வைத்துப் பாருங்கள். நிழல் தரும் மரம் உங்கள் எல்லைக்குள் இருக்கிறதா, பக்கத்துத் தோட்டத்திலா என்பதையும் கவனியுங்கள். பக்கத்துக்காரர் மரம் என்றால் அது உங்கள் கையில் இல்லை. சொந்த மரத்தையும் மலையில் நினைத்த மாத்திரத்தில் வெட்ட முடியாது, அனுமதி கேட்க வேண்டி வரும். கிழக்கு மேடு மறைத்து காலை ஒன்பதரை வரை வெயிலே விழாத வீடுகளும் உண்டு. அப்படி இருந்தால் என் உற்பத்திக் கணக்கில் இன்னும் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள்.

இன்வெர்ட்டர், வயரிங் பக்கம் வருவோம். ஐந்து வருடத்தில் இன்வெர்ட்டர் வாரண்டி பெரும்பாலும் முடிந்திருக்கும். இன்னும் ஐந்து வருடம் ஓடலாம், அடுத்த இடியில் போகலாம், யாராலும் சொல்ல முடியாது. பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியவை வேறு. பேனல் பக்கத்தில் டிசி பிரேக்கர் இருக்கிறதா, வீட்டுக்குப் போடும் சாதாரண ஏசி பிரேக்கரையே மாட்டியிருக்கிறார்களா? மலைத்தோட்டங்களில் இந்தத் தவறை அடிக்கடி பார்க்கிறேன். கோளாறு வரும் நேரத்தில் அது அணையாமல் உள்ளேயே எரியும். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் ஃப்யூஸ் இருக்கிறதா? பேட்டரி படுக்கையறையில் இருக்கிறதா? சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியாகும், அதைக் காற்றோட்டமான தனி இடத்துக்கு மாற்றியே ஆக வேண்டும். எர்த் குழி எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். சித்திரை இடியும் ஐப்பசி இடியும் அந்த மலையில் சும்மா போவதில்லை. பாறை நிலத்தில் நல்ல எர்த் கிடைப்பதும் கஷ்டம். மின்னல் பாதுகாப்புக்கான எஸ்பிடி பெட்டியில் பச்சை அடையாளம் சிவப்பாக மாறியிருந்தால் அது ஏற்கெனவே ஒரு இடியை வாங்கிச் செத்துவிட்டது. எலி கடித்த கேபிளைத் தேடிப் பாருங்கள். பேனல் தரையில் நின்றால் வேலியைப் பாருங்கள். காட்டுமாடும் யானையும் வரும் பகுதி அது.

தண்ணீர் மோட்டார் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. ஒரு ஹெச்பி மோட்டார் ஓடும்போது ஒரு கிலோவாட்டை ஒட்டி எடுக்கும், கிளம்பும் நொடியில் அதைப்போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். 3 கேவிஏ இன்வெர்ட்டர் அதைத் தாங்குகிறதா என்று உங்கள் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தாங்கினால், வெயில் உச்சியில் இருக்கும்போது ஓட்டி மேல் தொட்டியை நிரப்பிக்கொள்வது நல்ல பழக்கம். கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி மூன்றையும் இந்த சிஸ்டத்தில் மறந்துவிடுங்கள். வெந்நீருக்கு விறகு பாய்லர் இருக்கிறது, சமையலுக்கு காஸ் இருக்கிறது. குழந்தையோடு மலைக்குளிரில் போகிறீர்கள், வெந்நீருக்கு முதல் நாளே வழி வேண்டும்.

வீடு பிடித்திருந்து, நிழல் பிரச்சினை இல்லை என்றால் நான் என்ன செய்வேன்? முதல் செலவைப் பேனலில் போடுவேன். பேட்டரியைப் பெருக்குவதுதான் பலருக்கு முதலில் தோன்றும். ஆனால் மழைநாளில் பேட்டரி சேமித்ததைத்தான் தரும், பேனல்தான் புதிதாகச் சம்பாதிக்கும். 2 கிலோவாட்டை 4 ஆக்கினால் அந்தக் கனத்த மேகத்திலும் இரண்டு, மூன்று யூனிட் வரும், உங்கள் செலவைக் கிட்டத்தட்டத் தொட்டுவிடும். சில வருடமாகப் பேனல் விலையும் நன்றாக இறங்கியிருக்கிறது. பழைய 335 வாட்டுக்கு ஜோடி இப்போது கிடைப்பது கஷ்டம். கடையில் இருப்பதெல்லாம் 500 வாட்டுக்கு மேல். இரண்டையும் ஒரே வரிசையில் கலக்காமல், புதுசுக்குத் தனி எம்பிபிடி சார்ஜ் கன்ட்ரோலர் (பேனலிலிருந்து முடிந்த அளவு கரண்டை எடுத்து பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) போட வேண்டும். அப்புறம், பழைய பேட்டரி ஓய்ந்ததும் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு மாறலாம். 5 யூனிட் பேட்டரியில் நாலு யூனிட்டுக்கு மேல் தைரியமாக எடுக்கலாம், தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. உங்கள் இன்வெர்ட்டரில் லித்தியத்துக்கான சார்ஜ் அமைப்பு இருக்கிறதா என்பதை முன்பே பாருங்கள். உறைநிலைக்குக் கீழே இந்த பேட்டரியை சார்ஜ் செய்யக் கூடாது; மார்கழியில் உறைபனி விழும் மன்னவனூர் போன்ற மேல்மலை ஊர்களில் இதை யோசிக்க வேண்டும், தாண்டிக்குடி உயரத்தில் அந்தக் கவலை இல்லை. ஒரு சின்ன ஜெனரேட்டரும் இருக்கட்டும். வாங்கும் முன் உங்கள் இன்வெர்ட்டர் அதன் கரண்டை ஏற்கிறதா என்று ஓட்டிப் பாருங்கள், சில மலிவான ஜெனரேட்டர்களை இன்வெர்ட்டர் ஒத்துக்கொள்ளாது.

விலை. இதே அளவு சிஸ்டத்தை லெட் ஆசிட் பேட்டரியோடு இன்று புதிதாகப் போட, மலைக்கு ஏற்றுகூலி சேர்த்து, எங்கள் பக்கத்தில் இரண்டு லட்சத்தை ஒட்டி ஆகும். பிராண்டைப் பொறுத்து முன்னே பின்னே இருக்கும். ஐந்து வருடப் பழசுக்கு மூன்று லட்சம் எந்தக் கணக்கிலும் வராது. அவர் அன்று அவ்வளவு செலவு செய்திருக்கலாம், அது அவருடைய வருத்தம். நானாக இருந்தால் பேட்டரிக்கு எடை விலை, பேனலுக்குப் புது விலையில் பாதி, இன்வெர்ட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு, இரும்புச் சட்டமும் கேபிளும் நன்றாக இருந்தால் அதற்குக் கொஞ்சம் என்று போட்டு, எழுபது எண்பதாயிரத்தில் பேச்சை நிறுத்துவேன். அவர் மறுத்தால் ‘சரி, சோலாரைக் கழற்றிக்கொண்டு போங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். கழற்றி இறக்கும் கூலியை நினைத்தாவது இறங்கி வருவார்.

மானியம் இதற்குக் கிடைக்காது. 2024-ல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை தருகிறார்கள், ஆனால் அது இ.பி. இணைப்போடு சேர்ந்த கூரை சோலாருக்கு. இணைப்பே இல்லாத வீடு அதில் வராது.

அப்படியானால் அந்த வீட்டுக்கு இ.பி. ஏன் வரவில்லை? கம்பம் தூரம் என்பதாலா, பாதை வேறொருவர் நிலத்தில் போவதாலா, வீட்டுக்கே அனுமதி இல்லாததாலா? முதல் காரணம் என்றால் பிரச்சினை இல்லை. மற்ற இரண்டும் சோலாரைவிடப் பெரிய தலைவலி. பக்கத்து மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சர்வே எண்ணைச் சொல்லி விசாரியுங்கள். கொடைக்கானல் தாலுகாவின் மலைக்கிராமங்களில் கட்டடத்துக்கும் நிலப் பயன்பாட்டுக்கும் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. பட்டா, வில்லங்கச் சான்று, பாதை உரிமை, கட்டட அனுமதி நான்கையும் அந்தப் பகுதி தெரிந்த வக்கீல் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். ஒப்பந்தத்தில் பேனல், இன்வெர்ட்டர், பேட்டரி ஒவ்வொன்றின் சீரியல் எண்ணையும் எழுதிச் சேருங்கள். பதிவுக்கு முந்தைய வாரம் நல்ல பேட்டரி போய்ப் பழசு வந்து உட்காரும் வேலை நடப்பதுண்டு. பில், வாரண்டி அட்டை, இன்வெர்ட்டர் அமைப்புகளின் பாஸ்வேர்ட், ஆப் கணக்கு எல்லாவற்றையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பேனல் வாரண்டி உங்கள் பேருக்கு மாறுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், பில்லை வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த முறை மேலே போகும்போது பேனலின் பின்பக்க லேபிள், இன்வெர்ட்டரின் லேபிள், பிரேக்கர் பெட்டியைத் திறந்த நிலையில் ஒன்று, பேனல் பக்கத்தில் நின்று தெற்கே பார்த்து ஒன்று என நாலு படம் எடுத்து இங்கே போடுங்கள். இரவுச் சோதனையின் வோல்டேஜையும் எழுதினால், பேட்டரியை இன்னும் ஒரு மழைக்காலம் நம்பலாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.